குள்ளக் கடல்குதிரை வளர்ப்பு: தீவனம் முதலில், மீன் கடைசியில்

"எல்லாம் சரியாகத்தான் செய்தேன், மூன்றே வாரத்தில் ஒவ்வொன்றாகப் போய்விட்டன" என்று வருகிறவர்களிடம் நான் தண்ணீரைப் பற்றி முதலில் கேட்பதில்லை. மீன் வருவதற்கு முன்பு எத்தனை நாள் ஆர்டீமியாவை (உப்புநீரில் வாழும் சிறு இறால் வகை, அதன் குஞ்சுகள்தான் தீவனம்) முட்டையிலிருந்து பொரிக்கவைத்துப் பழகினீர்கள் என்றுதான் கேட்பேன். அநேகமாக ஒரே பதில்தான் வரும்: மீன் வந்த அன்று மாலை முட்டைப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

குள்ளக் கடல்குதிரை என்று நான் சொல்வது ஹிப்போகாம்பஸ் சோஸ்டரே என்ற இனத்தை. மெக்சிகோ வளைகுடா, ஃப்ளோரிடா, பஹாமாஸ் பகுதிகளின் கடற்புல் படுகைகளில் வாழ்வது. வளர்ந்த மீனின் நீளம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். இரைப்பை என்ற உறுப்பே இல்லை. உண்டது குடல் வழியாக விரைவாக வெளியேறிவிடும். நீந்தித் துரத்தவும் தெரியாது. ஆகவே உயிருள்ள சிறு இரை நாள் முழுவதும் அதன் மூக்குக்கு எதிரே மிதந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியின் படிகள் இந்த வரிசையில் அமைந்திருப்பதற்கு அதுவே காரணம். வரிசையை மாற்றாதீர்கள்.

தொடக்கம் முதல் மீன் வரும் நாள் வரை ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு படிகளும் தொட்டி வேலையும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

1. ஆர்டீமியா பொரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தேவையானவை: ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு, ஏர் பம்ப், விறைப்பான ஏர் குழாய், மேசை விளக்கு, 120 மைக்ரான் கண்ணளவுள்ள வலை, நல்ல ஆர்டீமியா முட்டை.

பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்து, மூடியை இறுக்கித் தலைகீழாக நிறுத்துங்கள். அடி கூம்பாக இருந்தால்தான் முட்டைகள் மூலையில் தேங்காமல் சுழலும். முக்கால் லிட்டர் நீருக்கு 20 கிராம் உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போதும். நீரின் பி.எச். எட்டுக்குக் கீழே இறங்கினால் பொரிப்பு குறையும், சோடா அதற்காக. இந்த ஒரு வேலைக்கு மட்டும் அயோடின் சேராத சாதாரண உப்பு செல்லும்.

கால் டீஸ்பூன் முட்டையைப் போட்டு, ஏர் குழாயைக் கூம்பின் அடிவரை இறக்கி, நீர் கொதிப்பதுபோல் காற்றை விடுங்கள். ஏர் ஸ்டோன் வேண்டாம். அதன் பொடிக் குமிழிகள் முட்டைகளை மேலே தூக்கிப் பாட்டிலின் சுவரில் ஒட்டவைத்துவிடும். வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ், மேலே விளக்கு வெளிச்சம். 18 முதல் 24 மணி நேரத்தில் நீர் இளஞ்செம்மஞ்சளாக மாறும். 36 மணி நேரம் கழித்தும் பழுப்பாகவே இருந்தால் முட்டை பழையது, அல்லது சூடு போதவில்லை.

அறுவடைக்குக் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருங்கள். வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், பொரிக்காத முட்டைகள் அடியில் படியும், குஞ்சுகள் நடுவில் இருக்கும். பக்கவாட்டில் விளக்கைக் காட்டினால் குஞ்சுகள் அந்தப் பக்கம் திரண்டு, செம்மஞ்சள் புகைபோல் ஒரு திட்டாகத் தெரியும். அந்த இடத்தில் மெல்லிய குழாயை வைத்து உறிஞ்சி எடுத்து, வலையில் வடித்து, சுத்தமான உப்புநீரில் அலசுங்கள். பொரித்த நீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. பாக்டீரியா அடர்ந்த நீர் அது.

இரண்டாவது பாட்டிலை 24 மணி நேரம் தள்ளித் தொடங்குங்கள். ஒன்று பொரிந்து முடியும்போது மற்றொன்று தொடங்கும். இந்தச் சுழற்சி இரண்டு வாரம் ஒரு நாளும் தவறாமல் ஓடினால் அடுத்த படிக்குப் போகலாம். ஓடாவிட்டால், இந்த மீன் உங்கள் அன்றாடத்துக்கு ஒத்துவராது என்று அர்த்தம். மீன் வாங்குவதற்கு முன்பே அது தெரிந்துவிடுவது நல்லதுதானே.

வழக்கமான தவறு ஒன்று: ஓடு நீக்கிய ஆர்டீமியா முட்டை என்று கடைகளில் உலர்ந்த தீவனமாக விற்பதை வாங்கிவந்து, பொரியவில்லையே என்று மூன்று நாள் காத்திருப்பது. அவை உயிரில்லாதவை. நன்னீர் மீன் குஞ்சுகளுக்கான தீவனம். பொரிப்பதற்கான முட்டை என்று உறையில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

2. முட்டையின் ஓட்டை நீக்குதல்

இதைத் தவிர்த்துவிட்டு வளர்ப்பவர்களும் உண்டு. நான் தவிர்ப்பதில்லை. ஓட்டில் ஒட்டிவரும் கிருமிகள் இதில் அழிகின்றன. கடல்குதிரையின் குடலில் ஓடு சிக்கும் ஆபத்தும் நீங்குகிறது. அறுவடையின்போது ஓடு பிரிக்கும் தொல்லை இல்லாமல் போவதே பாதி ஆறுதல்.

முட்டைகளைச் சாதாரண நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் காற்று விடுங்கள். சுருங்கியிருக்கும் முட்டை உருண்டால்தான் ஓடு எல்லாப் பக்கமும் சமமாகக் கரையும். பிறகு வலையில் வடித்து, வாசனை சேர்க்காத பிளீச்சில் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும். பழுப்பு நிறம் முதலில் சாம்பலாகும், பிறகு வெள்ளை, கடைசியில் செம்மஞ்சள். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். கண்ணை எடுக்காதீர்கள். செம்மஞ்சள் வந்தவுடன் வலையில் கொட்டி, பிளீச் வாடை அறவே போகும்வரை ஓடும் நீரில் அலசி, குளோரின் முறிக்கும் மருந்து கலந்த நீரில் ஒருமுறை முக்கி எடுங்கள்.

கரைசல் சூடேறும். 40 டிகிரியைத் தாண்டினால் உள்ளே உள்ள கரு செத்துவிடும். ஒரு பனிக்கட்டியைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடு நீக்கிய முட்டைகளை, மேலும் கரையாத அளவு உப்புப் போட்ட நீரில் மூழ்கவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஓரிரு வாரம் தாங்கும். வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் செய்துவைப்பதே என் வழக்கம்.

3. தொட்டி: சிறியதே சரி

கடல்நீர்த் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே அது பொருந்தாது. 20 முதல் 40 லிட்டர் போதும். நூறு லிட்டர் தொட்டியில் ஆறு குள்ளக் கடல்குதிரைகளை விட்டால், அவற்றின் கண்ணெதிரே எப்போதும் இரை மிதக்கும் அளவுக்கு ஆர்டீமியா கொட்ட வேண்டியிருக்கும். கொட்டியதில் பெரும்பகுதி செத்து நீரைக் கெடுக்கும். சிறிய தொட்டியில் அதே இரை அடர்த்தியாக இருக்கும். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, நீரின் தரம் சட்டென்று மாறுவது. அதைப் பத்தாவது படியில் சமாளிப்போம்.

வடிகட்டி, காற்றால் இயங்கும் ஸ்பாஞ்ச் வடிகட்டி மட்டும்தான். மோட்டார் வைத்த வடிகட்டி எதுவானாலும் தீவனத்தையும் குட்டிகளையும் உறிஞ்சிவிடும். ஏர் பம்புக்கும் வடிகட்டிக்கும் நடுவே ஒரு சிறு வால்வை வைத்து, குமிழிகளை எண்ணிவிடலாம் என்ற அளவுக்குக் காற்றைக் குறையுங்கள். குமிழிகள் பெரிதாக இருக்கட்டும். காற்றுக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்துக் கொண்டுவருவதும், பின்னோட்டத் தடுப்பு வால்வு போடுவதும் மின்சாரம் நிற்கும்போது தரை நனையாமல் காக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும்.

வெப்பம் 21 முதல் 24 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 26ஐத் தாண்டினால் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் பெருகி, மீனுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடும். வெயில் ஊரில் இருப்பவர்களுக்கு ஹீட்டரைவிட நீரைக் குளிர்விப்பதே பெரிய வேலை. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வீசினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் நீர் வேகமாக ஆவியாகும். ஹீட்டர் வைக்க நேர்ந்தால் அதன்மேல் கூண்டு போடுங்கள். கடல்குதிரை வாலைச் சுற்றிப் பிடிக்க எந்தத் தண்டையும் விடாது, சூடான தண்டையும்தான்.

4. உப்புநீர் கலத்தல்

சமையல் உப்பு தொட்டிக்கு உதவாது. கால்சியம், மக்னீசியம், கார்பனேட் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவையே வேண்டும். நீர் ஆர்.ஓ. நீராக இருக்கட்டும். குழாய் நீரின் குளோரினும் செம்பும் பாசியைத் தூண்டும் உப்புகளும் பிறகு நாள்தோறும் தலைவலி.

லிட்டருக்கு 33 கிராம் அளவில் தொடங்கி, ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பளவு காட்டும் கருவியில் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட இந்த நீர் எவ்வளவு கனம் என்ற அளவு) 1.022 முதல் 1.025 வரை வருமாறு திருத்துங்கள். நீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் நீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அடர்ந்த குழம்பில் கால்சியம் சுண்ணாம்பாக இறுகிப் படிந்துவிடும், பிறகு கரையாது. காற்று விட்டு ஒரு நாள் முழுவதும் கலங்கவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பிளாஸ்டிக் முள் ஆடும் மலிவான மானிகளின் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு தவறும். இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

5. மீன் இல்லாமல் தொட்டியைப் பழக்குதல்

கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொன்று அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அவை ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், உப்புநீரில் அவசரப்படாது.

அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சேர்த்து அம்மோனியா அளவை 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஆக்குங்கள். வாரம் இருமுறை சோதியுங்கள். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். மறுபடி 2 பி.பி.எம். சேர்த்தால் 24 மணி நேரத்துக்குள் இரண்டும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வந்தால் பாதி நீரை மாற்றிவிட்டு அடுத்த வேலை. நைட்ரேட் 10க்குக் கீழே இருப்பது நல்லது.

பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சை வாங்கி வைத்தால் இது ஒரே வாரத்தில் முடியும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அடுத்த படியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

6. ஹைட்ராய்டு: முதல் எதிரி

என் முதல் தொட்டியில் அழகுக்காக உயிருள்ள பாறைத்துண்டு (கடலிலிருந்து எடுத்த, சிற்றுயிர்கள் ஒட்டியிருக்கும் பாறை) ஒன்றை வைத்தேன். கைப்பிடி அளவுதான். மூன்றாவது மாதம் பிறந்த குட்டிகளில் பாதி இரண்டு நாளில் காணாமல் போயின. தண்ணீர் சோதனையில் எந்தக் குறையும் இல்லை.

அன்றிரவு டார்ச்சை அடித்து, பூதக்கண்ணாடியால் கண்ணாடிச் சுவரைப் பார்த்தேன். நூலாம்படைபோல் வெள்ளைக் கொடி படர்ந்திருந்தது. அதிலிருந்து மில்லிமீட்டர் உயரத்தில் தலைமயிர் நுனிபோலக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியின் தலையிலும் ஒரு செம்மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளி நான் காலையில் போட்ட ஆர்டீமியா. ஒரு குச்சியை ஒட்டி எட்டு மில்லிமீட்டர் நீளக் குட்டி ஒன்று வாலோடு சிக்கிக் கிடந்தது.

ஹைட்ராய்டு ஜெல்லிமீனின் உறவு. கொட்டும் செல்கள் உள்ளது. மற்றத் தொட்டிகளில் பட்டினியால் பெருகாமல் கிடக்கும். நாம்தான் நாளுக்கு மூன்று வேளை ஆர்டீமியா போட்டு விருந்து வைக்கிறோமே! உயிருள்ள பாறை, உயிருள்ள மணல், கடற்பாசி, நத்தையின் ஓடு, வேறு தொட்டியின் நீர், ஈரம் காயாத வலை என்று எதில் வேண்டுமானாலும் ஏறி வந்துவிடும். இரவல் ஸ்பாஞ்சை நான் வேண்டாம் என்பது இதனால்தான்.

தடுக்கும் வழி எளிது. தொட்டிக்குள் போவது எல்லாம் உலர்ந்ததாக இருக்க வேண்டும்: உலர்ந்த பாறை, பிளாஸ்டிக் செடி. மணல் போடாமல் வெறும் கண்ணாடி அடியாக விட்டால் சுத்தம் செய்வதும் எளிது. இந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனிக் குழாய், தனி வாளி.

வந்துவிட்டால் மருந்து ஃபென்பெண்டசோல். கால்நடைகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து. 22.2 சதவீதத் தூளில் 40 லிட்டருக்கு எட்டில் ஒரு பங்கு டீஸ்பூன் என்பது நான் பயன்படுத்தும் அளவு. நேரடியாகத் தூவினால் மிதக்கும். தொட்டி நீரிலேயே ஒரு சிறு புட்டியில் போட்டு நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை. செத்த ஹைட்ராய்டு அழுகி அம்மோனியா ஏறும் என்பதால், ஒவ்வொரு முறை மருந்திடுவதற்கு முன்பும் அடியை உறிஞ்சிச் சுத்தம் செய்து, முடிந்தபின் பெரிய அளவில் நீரை மாற்றுங்கள். கடல்குதிரைகள் இதைத் தாங்கும். பல நத்தைகளும் பவளங்களும் தாங்காது. துளையுள்ள பாறையில் மருந்து மாதக்கணக்கில் தங்கிவிடும், ஆகவே அந்தத் தொட்டியில் பவளம் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கையால் தேய்த்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். தேய்த்தால் துண்டுகள் நீரில் பரவி, ஒவ்வொன்றும் புதிதாக வேர்விடும்.

7. பிடித்துக்கொள்ள ஏதாவது

கடல்குதிரையின் பொழுது முழுவதும் வாலால் ஒன்றைப் பற்றியபடியே கழியும். தண்டு அதன் வால் ஒரு சுற்று சுற்றும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். பெரிய இனங்களுக்கு விற்கும் தடித்த பிளாஸ்டிக் பவளம் இதற்குப் பயன்படாது. மெல்லிய இலையுள்ள பிளாஸ்டிக் புல் ஏழெட்டுக் கொத்து வையுங்கள். நடுவில் அடர்த்தியாக, ஓரங்களில் குறைவாக.

காரணம் வெளிச்சம். ஆர்டீமியா வெளிச்சத்தை நோக்கிப் போகும். விளக்கு ஒரு மூலையில், புல் எதிர் மூலையில் என்று இருந்தால் தீவனமெல்லாம் ஒரு பக்கம் மொய்த்துக்கொண்டிருக்க, மீன்கள் மறுபக்கம் பசியோடு தொங்கிக்கொண்டிருக்கும். விளக்கை நடுப்புல்லுக்கு நேர் மேலே வையுங்கள். அறை ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் அந்தப் பக்கக் கண்ணாடியில் காகிதம் ஒட்டுங்கள்.

உண்மையான கடற்பாசிதான் வேண்டும் என்றால் கேட்டோமார்ஃபா நல்லது, நைட்ரேட்டையும் உறிஞ்சும். தனிப் பாத்திரத்தில் மருந்திட்டு, சில வாரம் வைத்திருந்து பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

8. மீனைத் தேர்ந்தெடுத்தலும் தொட்டியில் விடுதலும்

வளர்ப்பில் பிறந்தவற்றையே வாங்குங்கள். கடலில் பிடித்தவை ஒட்டுண்ணியோடும் பயண அலைச்சலோடும் வரும். தவிர, கடல்குதிரை இனங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2004 முதல் கட்டுப்பாட்டில் உள்ளன. பல நாடுகளில் அதற்கு மேலும் கடுமையான சட்டம் உண்டு. உங்கள் நாட்டில் வைத்திருக்க அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு, விற்பவரிடம் ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முடிந்தால் நேரில் போய், தீவனம் போடச் சொல்லிப் பாருங்கள். ஆரோக்கியமான மீனின் இரு கண்களும் தனித்தனியாகத் திரும்பி இரையைத் தேடும். தலை மெல்ல நிமிரும். பிறகு 'டிக்' என்ற ஓர் அசைவு. இரை இருந்த இடம் காலியாக இருக்கும். ஒரு நிமிடத்தில் ஒருமுறைகூடக் கவ்வாத மீனை, விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். வயிறு உட்குழிந்தது, வால் நுனி வெளுத்தது, நீர்மட்டத்தில் மிதப்பது ஆகியவையும் வேண்டாம்.

தொடக்கத்துக்கு 20 லிட்டருக்கு ஆறு போதும். ஆணின் வயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் பை இருக்கும். பெண்ணுக்கு அந்த இடத்தில் வயிறு சட்டென்று கோணமாக முடியும்.

அருகிலிருந்து வந்த மீன் என்றால், பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், முக்கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்த்துப் பழக்கலாம். ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்த பை என்றால் கதை வேறு. மூடிய பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும், ஆனால் பி.எச். குறைந்திருப்பதால் அதன் நச்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்து காற்று பட்டதும் பி.எச். ஏறி, அடங்கியிருந்த நச்சு கிளம்பும். அந்த நீரில் ஒரு மணி நேரம் வைப்பது கருணை அல்ல. பை நீரின் ஒப்படர்த்தியைக் கேட்டறிந்து தொட்டியை முன்பே அதற்குச் சமமாக்கி வைத்துவிட்டு, வெப்பம் சமமானதும் விரைவாக மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது சிறு கிண்ணத்தால் நீரோடு முகந்து எடுங்கள். வலையில் தூக்கிக் காற்றில் காட்டினால் வாயிலும் ஆணின் வயிற்றுப் பையிலும் காற்று புகுந்து, மீன் மூழ்க முடியாமல் மிதக்கும். பை நீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

வேறு மீன் எதையும் சேர்க்காதீர்கள். சாதுவான மீன்கூடக் கடல்குதிரை தலையை நிமிர்த்துவதற்குள் தீவனத்தை முடித்துவிடும். நண்டு, இறால், கடற்சாமந்தி எதுவும் கூடாது. மிச்சம் தின்னச் சிறு நத்தைகள் இரண்டு போதும், அவற்றையும் தனியே வைத்துச் சோதித்த பிறகு.

9. அன்றாடத் தீவனம்

பொரித்து சில மணி நேரம்வரை ஆர்டீமியா குஞ்சின் உடலில் மஞ்சள்கரு இருக்கும்; சத்து நிறைந்த நேரம் அது. அதன் பிறகு கரு கரைந்து வெறும் கூடாகிக்கொண்டே போகும். ஏறக்குறைய 12 மணி நேரத்தில் குஞ்சுக்கு வாய் திறக்கும். ஆகவே இரண்டே வழி: பொரித்தவுடன் போடுவது, அல்லது வாய் திறந்தபின் அதற்குத் தீனி கொடுத்துப் பிறகு போடுவது. இடைப்பட்டதைப் போட்டால் மீன் வயிறு நிறையத் தின்றும் மெலியும்.

காலைக்குப் புதிதாகப் பொரித்தவை. மிச்சத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சிறிது நீரோடு 4 டிகிரிக் குளிரில் வையுங்கள். குளிரில் கரு கரைவது மந்தப்படும், மதிய வேளைக்கு ஆகும். இன்னொரு பாதியை வேறு பாட்டிலில் விட்டு, வாய் திறந்தபின் டி.எச்.ஏ. கொழுப்பு அமிலம் உள்ள செறிவூட்டும் குழம்பு ஓரிரு சொட்டு சேர்த்து 12 மணி நேரம் காற்றடித்தால் அடுத்த நாளுக்குச் சத்தான தீவனம். ஆர்டீமியாவிடம் இயல்பாக இல்லாத சத்து அந்த டி.எச்.ஏ.தான். தொட்டியில் விடுமுன் எண்ணெய்ப் படலம் போக நன்றாக அலசுங்கள்.

எவ்வளவு போடுவது? தொட்டியின் நடுவிலிருந்து ஒரு மேசைக்கரண்டி நீரை முகந்து வெளிச்சத்தில் பார்ப்பேன். பத்துப் பன்னிரண்டு குஞ்சு துள்ளினால் சரி. ஒன்றிரண்டு என்றால் இன்னும் போட வேண்டும். எண்ணவே முடியவில்லை என்றால் அடுத்த வேளையைக் குறைக்க வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை குறைந்தபட்சம், மூன்று நல்லது. விளக்கை அணைக்கும் நேரத்தில் போடாதீர்கள். இருட்டில் மீன் உண்ணாது, தீவனம் மட்டும் விடியும்வரை சத்திழக்கும்.

உறைந்த தீவனத்துக்குப் பழக்கிவிடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய கடல்குதிரைகளைப் பழக்கலாம். இவற்றின் வாயளவுக்கும் குணத்துக்கும் அதை நம்பித் தொட்டியைத் தொடங்காதீர்கள்.

10. வாராந்தரப் பராமரிப்பு

நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 20 லிட்டரில் ஒரு லிட்டர் குறைந்தாலே ஒப்படர்த்தி 1.023இலிருந்து 1.024ஐத் தாண்டிவிடும். தொட்டியின் வெளிப்பக்கம் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, தினமும் சாதாரண ஆர்.ஓ. நீரால் அந்தக் கோட்டுக்கு நிரப்புங்கள். உப்புநீரால் நிரப்புவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. இரண்டு வாரத்தில் 1.030ஐத் தொட்டுவிட்டு, மீன் ஏன் மூச்சிரைக்கிறது என்று கேட்பார்கள்.

வாரம் ஒருமுறை, 15 முதல் 20 சதவீத நீரை மாற்றுங்கள். உறிஞ்சுவதற்கு ஏர் குழாய்தான். பெரிய குழாய் மீனையே இழுத்துவிடும். உறிஞ்சிய நீரை வெள்ளை வாளியில் பிடித்துப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். கொட்டும் முன்பு குனிந்து பாருங்கள். உமித்துகள் மாதிரி ஒன்று, வாலைச் சுருட்டி நிமிர்ந்து நின்றால், அது நேற்றிரவு பிறந்த குட்டி. நான் இதுவரை வாளியிலிருந்து மீட்டவை ஒரு கைவிரல் கணக்கைத் தாண்டும்.

ஸ்பாஞ்சை எடுத்த நீரிலேயே பிழியுங்கள். குழாய் நீரில் கழுவினால் ஆறு வாரமாக வளர்த்த பாக்டீரியா ஒரு நிமிடத்தில் போய்விடும்.

11. உடல்நலக் குறைவின் அறிகுறிகள்

ஒரு நாள் முழுக்க உண்ணாமை, வேகமான மூச்சு, வால் நுனி வெளுத்து உரிதல், தோலுக்கடியில் குமிழி. எது தெரிந்தாலும் மருந்தைத் தேடுவதற்கு முன் நான்கைச் சோதியுங்கள்: அம்மோனியா, வெப்பம், ஒப்படர்த்தி, டார்ச் வெளிச்சத்தில் ஹைட்ராய்டு. பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாகவே இருக்கும். நோயுற்ற மீனை அதே உப்பளவுள்ள இரண்டு லிட்டர் ஜாடியில், ஒரு தண்டும் மெல்லிய காற்றும் கொடுத்துத் தனியே வைத்து நிறையத் தீவனம் போடுங்கள். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள். பிரதான தொட்டியில் கொட்டினால் வடிகட்டியின் பாக்டீரியாவும் சாகும்.

இவற்றின் ஆயுளே ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுதான். ஓராண்டு நன்றாக உண்டு, குட்டிகளைக் கண்டு, ஒரு காலையில் அடியில் கிடந்தால் அது உங்கள் பிழை அல்ல.

12. குட்டிகள்

இதுவரை சரியாக வந்தால் இந்தப் படி தானாக நடக்கும். பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் இடும். ஏறக்குறைய பத்து, பன்னிரண்டு நாளில் ஆண் குட்டிகளை ஈனும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஐந்து முதல் இருபத்தைந்து. பிறந்த சில நிமிடங்களில் வாலால் எதையாவது பற்றிக்கொண்டு, பெற்றோர் தின்னும் அதே ஆர்டீமியாவைத் தின்னத் தொடங்கிவிடும். பெற்றோர் குட்டிகளைத் தின்பதில்லை. தனித் தொட்டி தேவையில்லை. தீவனத்தின் அளவை மட்டும் அன்றே கூட்டுங்கள், ஏனென்றால் குட்டி ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது.

ஈன்ற ஓரிரு நாளில் ஆண் மறுபடி கருத்தரித்துவிடும். மூன்று மாதத்தில் குட்டிகளும் பருவத்துக்கு வரும். ஆறு மீனில் தொடங்கிய 20 லிட்டர் தொட்டி அரையாண்டுக்குள் நெரிசலாகும் என்பதால், யாருக்குக் கொடுப்பது என்பதை முன்பே யோசித்து வையுங்கள்.

என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு முதல் தடவை நான் மீன் கொடுப்பதில்லை. அடி வெட்டிய பாட்டில் இரண்டும் கால் டீஸ்பூன் முட்டை பதினான்கு பொட்டலமும் கொடுத்து அனுப்புகிறேன். பதினைந்தாம் நாள் செம்மஞ்சள் நிறப் பாட்டிலோடு திரும்பி வந்தால், கிண்ணத்தை எடுக்கிறேன்.